கல் இறங்கினால் அரிசி ஏறும்

மேல் ஸ்டேஷன்,
நெல்லியாம்பதி மலை
4-7-1924

அடிவாரம் ஸ்டேஷன் சென்னியப்பன் அவர்களுக்கு,

சுமைச் சீட்டு வைக்கும் தகர டப்பாவில் இந்தக் கடிதத்தைப் போடுகிறேன். நேரில் வந்து பேசலாம்தான். ஆனால் பிரேக்கு பிடிக்க என்னை விட்டால் இங்கே ஆள் இல்லை. மூன்று வருஷமாக ஒரே கயிற்றின் இரண்டு நுனியில் நாம் வேலை பார்க்கிறோம். உங்கள் முகம் எனக்குத் தெரியாது, என் முகம் உங்களுக்குத் தெரியாது.

உங்கள் மாட்டை நான் கொன்றுவிட்டதாகக் கோவிந்தாபுரம் வரை சொல்லியிருக்கிறீர்களாம். அரிசியோடு இந்தப் பேச்சும் மேலே ஏறி வந்துவிட்டது. ஒரு தடவையாவது என் பக்கத்தைக் கேளுங்கள்.

நமது ரோப்பில் இஞ்சின் கிடையாது. நான் தேயிலைப் பெட்டிகளை ஒரு தொட்டியில் ஏற்றிவிட்டால் அது தன் பாரத்தாலேயே மலையிலிருந்து இறங்குகிறது. இறங்குகிற அதுதான், சக்கரத்தைச் சுற்றி வரும் கயிற்றால், உங்கள் பக்கத்துத் தொட்டியை அரிசியோடு மேலே இழுக்கிறது. இரண்டு பாரத்துக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் நான் பிரேக்கில் தாங்க வேண்டும். அன்றைக்குச் சீட்டில் ஆறு மூட்டை என்று இருந்தது. ஏறி வந்தது ஆறு மூட்டைக் கனம் இல்லை. ஏறுகிற பக்கம் கனம் குறைந்தால் இறங்குகிற பக்கம் பாய்ந்துதான் போகும். அதிலும் பாதி வழி தாண்டிவிட்டால் கயிற்றின் கனமும் இறங்குகிற பக்கத்தில் சேர்ந்துகொள்கிறது. நான் உடம்பு முழுவதையும் பிரேக்குக் கம்பியில் போட்டுத் தொங்கினேன். அப்படியும் தொட்டி உங்கள் மேடையைத் தாண்டிப் போய் மாட்டின்மேல் விழுந்தது. என் தோள்பட்டை இன்னும் நேராகவில்லை.

மாடு செத்ததற்கு வருத்தப்படுகிறேன். பழியையும் சேர்த்துச் சுமக்க எனக்குத் தெம்பு இல்லை.

பொன்ராஜ்


அடிவாரம்
ஆனி 23

பொன்ராஜுக்கு,

படித்தேன். ஆறு மூட்டை என்று நான் எழுதினால் ஆறு மூட்டைதான் ஏற்றியிருப்பேன். தராசு பிடித்த கையை யாரும் இதுவரை சந்தேகப்பட்டதில்லை. நீதான் முதல் ஆள்.

கனத்தைப் பற்றி எனக்குச் சொல்லித்தர வேண்டாம். என் கிணற்றில் மாடு கட்டிக் கவலை இறைத்துத்தான் நானும் பிழைத்தேன். ஜோடி மாடு சரிவில் இறங்கும். இறங்கும்போது தங்கள் உடம்பின் கனத்தையே கயிற்றில் போடும். அப்போதுதான் கிணற்றிலிருந்து சால் நிறையத் தண்ணீர் மேலே வரும். நீ மலையில் செய்கிற வேலையை என் மாடுகள் கிணற்று மேட்டில் தினமும் செய்தன. இப்போது மயிலை போய்விட்டது. செவலை மட்டும் தனியாக நிற்கிறது. ஒற்றை மாட்டை வைத்துக்கொண்டு கவலை இறைக்க முடியாது. சோளக்காடு காய்கிறது. அதனால்தான் ஸ்டேஷன் வேலையே கதி என்று கிடக்கிறேன்.

என் வீட்டுக்காரி சின்னத்தாயி நேற்றுச் சொன்னாள்: "ஏனுங்க, அந்த மனுசன் வேணும்னா உட்டிருப்பாரு? போனது போச்சுங்க, உட்டுத் தள்ளுங்க." அவளுக்கு விட முடிகிறது.

இனிமேல் சீட்டை மட்டும் அனுப்பு. கடிதம் எழுதாதே.

சென்னியப்பன்


மேல் ஸ்டேஷன்
20-7-1924

சென்னியப்பன் அவர்களுக்கு,

எழுதாதே என்றீர்கள். வேறு வழியில்லாமல் எழுதுகிறேன்.

இப்படி ஒரு மழையை நான் பார்த்ததில்லை. நெம்மாறைக்கு இறங்கும் ரோடு மலையோடு சரிந்து போய்விட்டது. உங்கள் பக்கத்து ஒற்றையடிப் பாதையில் ஓடை பாய்கிறது. ஓர் ஆள்கூட இறங்க முடியாது. துரை மழைக்கு முன்பே கோயம்புத்தூர் போனவர், திரும்பவில்லை. கணக்கப்பிள்ளை குருசாமிதான் இப்போது இங்கே எல்லாம். தேயிலைக் கிடங்கு மண்ணுக்குள் போய்விட்டது. கூலி ஜனம் குடியிருக்கும் லயங்களில் அரிசி தீர்ந்துவிட்டது. பலாக்கொட்டையை அவித்துப் பிள்ளைகளுக்குக் கொடுக்கிறார்கள்.

அரிசி உங்கள் கிடங்கில் இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் மேலேயிருந்து ஒன்று இறங்கினால்தானே கீழேயிருந்து ஒன்று ஏறும்? இறக்குவதற்குத் தேயிலை இல்லை. இன்று காலை நான் சக்கரத்தின் பக்கத்தில் சும்மா நின்றுகொண்டிருந்தேன். மூட்டை தூக்கும் மொக்கையன் மண்சரிவில் உடைந்து விழுந்த ஒரு கல்லின்மேல் உட்கார்ந்திருந்தான். "தேயிலைதான் எறங்கணும்னு அந்தச் சக்கரத்துக்கு என்ன தெரியும்ணே?" என்றான்.

நானும் அவனும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

ஆகவே இந்தத் தொட்டியில் கல் வருகிறது. டப்பாவைக் கற்களுக்கு மேலே கட்டியிருக்கிறேன். இந்த முறை உங்கள் பக்கத்துத் தொட்டி காலியாகத்தான் மேலே வரும். கற்களைக் கொட்டிவிட்டு, இதே தொட்டியில் அரிசி மூட்டைகளை ஏற்றுங்கள். முடிந்ததும் வழக்கம்போலக் கம்பிக்கயிற்றில் இரும்பால் மூன்று தட்டு. நான் இங்கே அடுத்த தொட்டிக்குக் கல் ஏற்றி வைத்திருப்பேன்.

எத்தனை மூட்டை என்று சரியாக எழுதுங்கள். தப்பாக நினைக்க வேண்டாம். இங்கே ஜனம் பசியாக இருக்கிறது, நானும் பட்டினியோடுதான் பிரேக்கு பிடிக்கிறேன்.

பொன்ராஜ்


அடிவாரம்
ஆடி 5

பொன்ராஜுக்கு,

தொட்டி நிறையக் கல் வந்ததைப் பார்த்ததும் நீ என்னைக் கேலி செய்கிறாய் என்றுதான் முதலில் நினைத்தேன். அப்புறம் டப்பாவைத் திறந்தேன்.

ஐந்து மூட்டை ஏற்றியிருக்கிறேன். ஒவ்வொன்றையும் தராசில் நிறுத்து, கனத்தை மூட்டையின்மேலேயே கரியால் எழுதியிருக்கிறேன். இனி நீ பேச இடமில்லை. சின்னத்தாயி உப்பும் மிளகாயும் ஒரு பானையில் கட்டி வைத்திருக்கிறாள். "புள்ளைங்க இருக்குமில்லீங்க, வெறும் சோத்த எப்படித் திங்கும்?" என்று கருப்பட்டியும் போட்டாள். வீட்டில் இருந்ததே அவ்வளவுதான்.

இங்கேயும் மழை. காயத்ரிப் புழை கரையை உடைத்துக்கொண்டு ஓடுகிறது. எங்கள் வீட்டின் பின்சுவர் விழுந்துவிட்டது. ஆனால் சோற்றுக்குக் கஷ்டமில்லை.

ஒன்று கேட்கிறேன். இந்தக் கல்லையெல்லாம் எங்கே கொட்டுவது? ஸ்டேஷனை ஒட்டி இருப்பது என்னுடைய சோளக்காடு.

சென்னியப்பன்


மேல் ஸ்டேஷன்
25-7-1924

அண்ணாச்சிக்கு,

வயதில் மூத்தவரைப் பெயர் சொல்லி எழுதக் கை வரவில்லை. எங்கள் பக்கத்தில் இப்படித்தான் கூப்பிடுவோம்.

அரிசி தினமும் வருகிறது. எல்லா லயத்திலும் அடுப்பு எரிகிறது. பெண்கள் வரிசையாக நின்று மண்சரிவிலிருந்து கற்களைக் கைமாற்றிக் கொடுக்கிறார்கள். கொழுந்து பறித்த கைகள் எல்லாம் நைந்துவிட்டன. என் வீட்டுக்காரி அழகுத்தாய்க்கு இது நிறைமாதம். கல்லைத் தொடாதே என்றேன். கேட்காமல் சின்னச் சின்னக் கல்லாகப் பொறுக்கிக் கொண்டுவந்து போடுகிறாள். முதல் பிள்ளை எங்களுக்கு. கல்யாணமாகி ஏழு வருஷம்.

பிரேக்கின் பக்கத்தில் நிற்கும்போது மனம் எங்கெங்கோ போகிறது. நான் மிஷன் பள்ளிக்கூடத்தில் கொஞ்சம் படித்தவன். ஒரு பொருளை உயரத்தில் ஏற்றி வைத்தால், ஏற்றியவன் பட்ட பாடு வீணாகாது, அந்தப் பொருளுக்குள்ளேயே தங்கியிருக்கும், இறங்கும்போது அதைத் திருப்பிக் கொடுக்கும் என்று வாத்தியார் சொன்னார். பூமி எல்லாவற்றையும் தன்பக்கம் இழுத்துக்கொண்டே இருக்கிறது, அந்த இழுப்புக்கு எதிராக ஏறிய உயரம்தான் பலம் என்றார். அப்போது அது எனக்குப் பரீட்சைப் பாடம். இப்போது இந்தக் கற்களைப் பார்க்கிறேன். இவற்றை யாரும் தூக்கி வைக்கவில்லை. மலை எழும்பியபோதே ஏறிக்கொண்டவை. எத்தனை காலமாகவோ சும்மா கிடந்தன. இன்று இறங்கி எங்களுக்குச் சோறு போடுகின்றன.

ஆனால் கல் கொடுக்கிற பலம் முழுவதும் அரிசியை ஏற்றுவதில் போவதில்லை. மிச்சம் எல்லாம் என் பிரேக்குக் கட்டையில் சூடாக இறங்குகிறது. தேயிலைப் பெட்டியை நிதானமாக ஏற்றலாம். கல்லில் கனம் கூடிப்போகிறது. கட்டை புகைகிறது. மொக்கையன் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருக்கிறான். கட்டை பாதிக்கு மேல் தேய்ந்துவிட்டது. மாற்றுக் கட்டை நெம்மாறையிலிருந்துதான் வர வேண்டும், அதற்கு ரோடு இல்லை. இங்குள்ள மரமெல்லாம் ஈரம், சக்கரத்தில் வைத்தால் வழுக்குகிறது.

இதற்கு நீங்கள் ஒன்றும் செய்ய முடியாது. யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது.

பொன்ராஜ்


அடிவாரம்
ஆடி 11

பொன்ராஜுக்கு,

என்னை அண்ணாச்சி என்று எழுதாதே. இங்கே மளிகைக் கடைக்காரனைத்தான் அப்படிக் கூப்பிடுவார்கள்.

கல் சும்மா இறங்கிச் சோறு போடுகிறது என்கிறாய். உனக்கு அது சும்மா. இங்கே தொட்டியிலிருந்து ஒவ்வொரு கல்லாக எடுத்துப் போடுவது நானும் சின்னத்தாயியும். காட்டில் கால் பங்கு கல்லாகிவிட்டது. அதைத் திரும்ப மலைமேல் ஏற்ற உன் வாத்தியார் வருவாரா?

அரிசியோடு ஒரு கட்டை வைத்திருக்கிறேன், பார். என் கிணற்று மேட்டில் கவலைக் கப்பியைத் தாங்கி நின்ற குத்துக்கால் அது. என் அப்பன் காலத்து வேலமரம். காய்ந்து இரும்பாக இருக்கிறது. அறுக்கும்போது ரம்பம் இரண்டு தடவை மழுங்கிவிட்டது. உன் சக்கரத்துக்கு ஏற்றபடி செதுக்கிக்கொள். இரண்டு பிரேக்குக்கு வரும்.

சின்னத்தாயி நான் அறுப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "மாடு வாங்குனா மறுக்காக் கவல ஓட்டோணுமில்லீங்க?" என்று மட்டும் கேட்டாள். வாங்கினால் பார்த்துக்கொள்ளலாம் என்றேன்.

ஆறு மூட்டையா, ஐந்தா என்ற பேச்சை இனி நீயும் எடுக்காதே, நானும் எடுக்கவில்லை. எனக்கு அலுத்துவிட்டது.

நிறைமாதக்காரியைக் கல் பொறுக்க விடாதே.

சென்னியப்பன்


மேல் ஸ்டேஷன்
30-7-1924, காலை

அண்ணாச்சி,

அழகுத்தாய்க்கு நேற்று மதியம் வலி எடுத்தது. பிள்ளை இன்னும் வரவில்லை. லயத்தில் பிரசவம் பார்க்கிற சுருளியம்மாள் என்னைக் கூப்பிட்டு, "இது என் கைக்கு அடங்காதுய்யா பொன்ராசு. புள்ள குறுக்க கெடக்கு. நாம்பாத்த வரைக்கும் இப்பிடிக் கெடந்தா தாயி பொழைக்கிறது கஷ்டம். டாக்டரு நர்சுனு யாராச்சும் கைவச்சாத்தான் உண்டு" என்றாள்.

ரோடு இல்லை. தூக்கிக்கொண்டு இறங்கப் பாதையும் இல்லை. கீழே போவது ஒன்றே ஒன்றுதான், அது உங்களுக்கும் எனக்கும் தெரியும். தொட்டியில் ஆள் ஏறக்கூடாது என்று துரை பலகையில் எழுதி மாட்டியிருக்கிறார். குருசாமியிடம் போய் நின்றேன். அவர் பேரேட்டை மூடிவைத்தார். பிறகு, "நான் ஆபீசுக்குள்ள போயிக் கதவச் சாத்திக்கிறேன். நீ என்ன பண்ணுனேன்னு எனக்குத் தெரியாது" என்றார்.

எனக்குப் பயமாக இருக்கிறது, அண்ணாச்சி. உங்கள் கட்டை நன்றாகப் பிடிக்கிறது. இருந்தாலும் பாதிக்குக் கீழே தொட்டி பாயுமே. அன்றைக்கு மாடு. இன்றைக்கு அதில் அவள் இருப்பாள்.

நர்ஸ் யாரையாவது அழைத்து வர முடியுமா? மூன்று தட்டுக்காகக் காத்திருக்கிறேன்.

பொன்ராஜ்


அடிவாரம்
ஆடி 15

பொன்ராஜு,

செவலையோடு பக்கத்துக் காட்டுக்காரர் மாட்டைப் பூட்டிக் கொல்லங்கோட்டுக்கு வண்டி அனுப்பிவிட்டேன். அங்கே சந்தனமேரி என்று ஒரு நர்சம்மா இருக்கிறார். ஆற்றைச் சுற்றித்தான் வர வேண்டும். வந்துவிடுவார்.

இப்போது நான் சொல்வதை அப்படியே செய். கட்டையை மட்டும் நம்பாதே. சுருளியம்மாளையும் கூட ஏற்று. நான் இந்தப் பக்கம் இரண்டு மூட்டை ஏற்றியிருக்கிறேன். ஆனால் தொடக்கத்தில் கயிற்றின் கனம் முழுவதும் என் பக்கம் தொங்கும், அதனால் இரண்டு பெண்களின் கனத்துக்குத் தொட்டி நகராது. நகரும் அளவுக்குக் கல் போடு. பெரிய கல் வேண்டாம், கிழவி கையால் எடுக்கிற கல்லாகப் போடு. பாதி வழியில் அரிசித் தொட்டி எதிரே வந்து கடக்கும். அதுதான் அடையாளம். அதைப் பார்த்ததும் கிழவி ஒவ்வொரு கல்லாக வெளியே எறிந்துகொண்டே வர வேண்டும். கயிற்றின் கனம் இறங்குகிற பக்கம் கூடக் கூட, கல்லின் கனம் குறைந்துகொண்டே வரட்டும். அப்போது தொட்டி பாயாது.

இரண்டு மூட்டையையும் நான் மூன்று தடவை நிறுத்துப் பார்த்தேன். நம்பு.

சென்னியப்பன்


(துண்டுச் சீட்டு)

அண்ணாச்சி, நீங்கள் சொன்னபடியே ஏற்றிவிட்டேன். கீழே வைக்கோலும் கம்பளியும் போட்டிருக்கிறது. கயிற்றால் கட்டட்டுமா என்று கேட்டேன். "கட்ட வேணாம், நான் மூட்டையில்ல" என்றாள். நான் இனி பிரேக்கைவிட்டு அசைய மாட்டேன். அவளை வாங்கிக்கொள்ளுங்கள்.

பொ.


அடிவாரம்
ஆடி 17

தம்பி பொன்ராஜுக்கு,

முதலில் ஒன்று. அழகுத்தாய் பிழைத்துக்கொண்டாள். இதைப் படித்துவிட்டு மூச்சு விட்டுக்கொள். பிறகு மீதியைப் படி.

அன்றைக்கு மலையை மூடுபனி மறைத்திருந்தது. உன் தொட்டி கிளம்பியது எனக்குக் கயிற்றின் அதிர்வில்தான் தெரிந்தது. நானும் சின்னத்தாயியும் மேடையில் நின்றோம். வெகுநேரம் ஒன்றும் தெரியவில்லை. பிறகு மேலே எங்கோ மரத்தில் கல் விழும் சத்தம் கேட்டது. கொஞ்சம் விட்டு இன்னொன்று. சின்னத்தாயி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "கெழவி போடுறாளுங்க, போடுறாளுங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். கல் விழும் சத்தம் எங்களை நோக்கி வந்துகொண்டே இருந்தது. அதற்கப்புறம்தான் பனிக்குள்ளிருந்து தொட்டி வெளியே வந்தது. நிறைகுடத்தை இறக்கி வைப்பதுபோல மேடையில் வந்து நின்றது. இத்தனை வருஷத்தில் ஒரு தொட்டியும் அப்படி வந்து நின்றதில்லை. சுருளியம்மாளின் விரல்களில் ரத்தம். கடைசிக் கல்லைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள், எறிய மறந்துபோய்.

அழகுத்தாய்க்கு நினைவு இருந்தது. நாங்கள் தூக்கும்போது, "மேல அரிசி போய்ச் சேந்துருச்சா?" என்று கேட்டாள். சேர்ந்திருக்கும் தாயி என்றேன்.

அரிசிக் கிடங்கில் இடம் ஒதுக்கிப் படுக்க வைத்தோம். நர்சம்மா வர மதியம் தாண்டிவிட்டது. இடுப்பளவு தண்ணீரில் வண்டியைவிட்டு இறங்கி நடந்து வந்திருந்தார். அவரும் சுருளியம்மாளும் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். பொழுது சாயும் நேரத்தில் நர்சம்மா வெளியே வந்து என்னிடம் சொன்னார்: "தாய்க்கு இனிப் பயம் இல்லீங்க. கொழந்தை நேத்தே போயிருக்குது. மேலயே உட்டிருந்தீங்கன்னா ரெண்டும் போயிருக்கும்."

ஆண் பிள்ளை, தம்பி. தலை நிறைய முடி.

உனக்கு எப்படி எழுதுவது என்று தெரியாமல்தான் நேற்று டப்பாவில் வெறும் சீட்டை அனுப்பினேன். நீ தொட்டிக்குத் தொட்டி "எப்படி இருக்கிறாள்?" என்று எழுதி அனுப்பிக்கொண்டே இருந்தாய். சீட்டின் ஓரத்தில் "இருக்கிறாள்" என்று மட்டும் எழுதினேன். அது பொய் இல்லை.

பிள்ளையை நாங்களே அடக்கம் செய்தோம். உனக்காகக் காத்திருக்க முடியவில்லை. நீ வர வழியும் இல்லை. சின்னத்தாயி தன் சீலையில் ஒன்றைக் கிழித்துச் சுற்றினாள். குழியை நானே வெட்டினேன். எங்களுக்கும் பிள்ளை கிடையாது. இதற்கு முன் எனக்கு அந்த வேலை செய்து பழக்கமில்லை.

அழகுத்தாய் கஞ்சி குடிக்கிறாள். அதிகம் பேசுவதில்லை. சின்னத்தாயி பக்கத்திலேயே படுத்துக்கொள்கிறாள்.

சென்னியப்பன்


மேல் ஸ்டேஷன்
3-8-1924

அண்ணாச்சி,

கடிதம் கிடைத்தது.

அவர்கள் இறங்கிய தொட்டி ஏற்றிய இரண்டு மூட்டையும் அன்றைக்கே வந்து சேர்ந்தது. அன்று சாயங்காலம் லயத்தில் சோறு வடித்தார்கள். நானும் சாப்பிட்டேன். நன்றாகச் சாப்பிட்டேன். அவள் நல்லபடியாக இறங்கிவிட்டாள் என்று கயிற்றை வைத்தே எனக்குத் தெரிந்திருந்தது. அந்தச் சந்தோஷத்தில் இரண்டாம் தடவையும் வாங்கிச் சாப்பிட்டேன். அதை இப்போது நினைத்தால் தாங்க முடியவில்லை.

மூன்று வருஷமாக எல்லாப் பாரத்தையும் இங்கே நின்று இறக்கிவிடுகிறேன். என்னை இறக்கிவிட ஓர் ஆள் இல்லை. மொக்கையன், "நான் பிரேக்கப் பிடிக்கிறேண்ணே, நீங்க ஏறுங்க" என்று அழுதான். அவனுக்குப் பழக்கமில்லை. நாளைக்கும் லயத்துக்கு அரிசி ஏற வேண்டும். முடியாது என்று சொல்லிவிட்டேன். சொல்லிவிட்டுக் கல் ஏற்றச் சொன்னேன்.

அழகுத்தாயிடம் நான் நன்றாக இருக்கிறேன் என்று சொல்லுங்கள். பிள்ளையைப் பற்றி எனக்குத் தெரியும் என்றும் சொல்லிவிடுங்கள். எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டு அவள் தனியாகச் சுமக்க வேண்டாம்.

நீங்கள் குழி வெட்டினீர்கள். அதற்கு நான் என்ன எழுதுவது?

பொன்ராஜ்


அடிவாரம்
புரட்டாசி 12

தம்பி பொன்ராஜுக்கு,

வண்டிப்பெரியார் டீ பாக்டரி விலாசத்துக்கு இதை எழுதுகிறேன். போய்ச் சேர்ந்ததாகத் தெரிவித்திருந்தாய். ரோப்பை நிறுத்திவிட்டார்கள். உன்னை வேலையைவிட்டுப் போகச் சொன்ன துரை இங்கேயும் வந்திருந்தார். ஆள் இறக்கியதைப் பற்றி என்னிடமும் கேட்டார். தொட்டியில் வந்ததை வாங்கி வைப்பதுதான் என் வேலை என்றேன். வெயில் காலத்துக்குள் இஞ்சின் வருமாம். அதற்கு வேறு ஆட்கள் வருவார்கள். என் வேலையும் முடிந்தது. எப்படியும் நான் சலித்துத்தான் போயிருந்தேன்.

நீ மலையிலிருந்து இறங்கி என் வாசலில் வந்து நின்ற அன்று, யாரோ வழி கேட்க வந்தவன் என்று நினைத்துவிட்டேன். இத்தனை ஒல்லியாக இருப்பாய் என்று எண்ணவில்லை. நீயும் என்னைப் பார்த்துவிட்டு உள்ளே வேறு யாராவது இருக்கிறார்களா என்று எட்டிப்பார்த்தாய். அவ்வளவு எழுதினோம். நேரில் பேசியது மழையைத்தான். "மழ விட்டுருச்சு" என்றாய். "ஆமா, உட்டுருச்சு" என்றேன். மோர் குடித்தாய். அழகுத்தாய் மூட்டை கட்டிக்கொண்டு வந்தாள். அந்த மலையில் மட்டும் இனி ஏற மாட்டேன், வேறு மலை என்றால் சரி என்று அவள் சொன்னதற்குச் சின்னத்தாயி சிரித்துவிட்டு அப்புறம் அழுதாள். வண்டி ஏறிப் போய்விட்டீர்கள்.

பிள்ளை இருக்கும் இடத்தை நீ கேட்கவில்லை. நானும் காட்டவில்லை. அதுதான் அன்றிலிருந்து மனதை அறுக்கிறது. காட்டினால் நீ உடைந்துபோவாயோ என்று நான் வாயை மூடிக்கொண்டேன். நீயும் அப்படித்தான் இருந்திருப்பாய். ஆகவே இப்போது எழுதுகிறேன். சோளக்காட்டின் கிழக்குக் கோடி. கல் கொட்டாத பக்கம். வேலியோரத்தில் ஒரு வேப்பங்கன்று நிற்கிறது, அதற்கு நேராக உள்ளே.

வேலந்தாவளம் சந்தையில் செவலைக்கு ஜோடியாக ஒரு கிழட்டு மாடு பிடித்தேன். காட்டை உழுகிறேன். கற்களைப் பொறுக்கித் தள்ளியதுபோக மிச்சம் இருப்பது கொஞ்சம் இடம்தான். அந்தக் கோடியைத் தொடாமல் சுற்றி உழுகிறேன். ஏர் திரும்ப இடம் போதவில்லை. கிழட்டு மாடு ஒவ்வொரு தடவையும் முரண்டு பிடிக்கிறது. பரவாயில்லை. அது அப்படியே இருக்கட்டும்.

சென்னியப்பன்


வண்டிப்பெரியார்
19-10-1924

அண்ணாச்சிக்கு,

இடம் எனக்குத் தெரியும்.

அன்று நீங்கள் செவலைக்குத் தண்ணீர் காட்டப் போனீர்கள் அல்லவா, அப்போது சின்னத்தாயி அக்கா எங்கள் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். மழையில் மண் அமுங்கிச் சமமாக இருந்தது. அழகுத்தாய் உட்கார்ந்து கையால் தடவிப் பார்த்தாள். நான் நின்றேன். நீங்கள் திரும்பி வரும் சத்தம் கேட்டு மூன்று பேரும் வாசலுக்கு வந்துவிட்டோம். "அவருகிட்டச் சொல்லாதீங்க, அந்த மனுசன் தாங்க மாட்டாரு" என்று அக்காதான் சொன்னார். அதனால் மழையைப் பற்றிப் பேசினேன்.

இங்கே பாக்டரியில் சக்கரத்துக்கு எண்ணெய் போடுகிறேன். பிரேக்கு இல்லை. யாரையும் இறக்க வேண்டியதில்லை. தோள் கொஞ்சம் தேவலை. அழகுத்தாய் கொழுந்துக்குப் போகிறாள். முன்னைவிடப் பேசுகிறாள்.

உங்கள் கடிதத்தை அவளுக்குப் படித்துக் காட்டினேன். ஏர் திரும்ப இடமில்லை என்ற இடத்தில் நிறுத்தச் சொன்னாள். அடுப்பை அணைத்துவிட்டு அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்:

"அண்ணன் அத ஒதுக்கி வச்சுச் சுத்திச் சுத்தி வர வேணாம்னு எழுதுங்க. அதையும் சேத்தே உழுதுறச் சொல்லுங்க. தனியாக் கெடக்க வேணாம். சோளத்தோட இருக்கட்டும்."

அப்படியே செய்யுங்கள், அண்ணாச்சி.

பொன்ராஜ்